சர்க்கரை வரி 90 சென்: உங்கள் கால், கண், வயிற்றுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

மலேசியாவில் டின், போத்தல்களில் விற்கப்படும் இனிப்புப் பானங்களுக்கான கலால் வரி 2025 ஜனவரி 1 முதல் லிட்டருக்கு 90 சென்னாக உயர்ந்தது. 2019 ஜூலையில் இந்த வரி அறிமுகமானபோது 40 சென்தான். 2024-இல் அது 50 சென் ஆனது. சுகாதார அமைச்சும் "சர்க்கரைக்கு எதிரான போர்" என்ற பெயரில் பிரசாரம் நடத்தி வருகிறது.

"கொஞ்சம் சீனி சாப்பிட்டா என்ன ஆகிடப் போகுது?" என்று கேட்பவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். இனிப்பு நீர் என்றாலே பலருக்கு ரத்தத்தில் ஏறும் ஓர் எண்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த நோய் நரம்புகள் வழியாகவும் தன் வேலையைக் காட்டுகிறது. அது எப்படி நடக்கிறது? இந்த வரி அதைத் தடுக்குமா?

எண்கள் என்ன சொல்கின்றன?

2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோயுற்ற நிலை ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. அதாவது ஆறு பேரில் ஒருவருக்கு. அவர்களில் ஐவரில் இருவருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது.

2019-இல் நடந்த இதே ஆய்வில் இந்தியர்களிடையே நீரிழிவு 31.4 விழுக்காடாக இருந்தது. ஏறக்குறைய மூவரில் ஒருவர். பார்ப்பதற்கு ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது வரலாம். தெற்காசிய உடல்வாகில் கொழுப்பு வயிற்றுக்குள் சேரும் போக்கு அதிகம். அதனால்தான் ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

வரி எதற்கு உண்டு, எதற்கு இல்லை?

பொதுவாக 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு இந்த வரி பொருந்தும். பால் கலந்த பானங்களுக்கும் பழச்சாறுகளுக்கும் வரம்பு வேறு.

ஒரு சின்னக் கணக்கு. 325 மில்லிலிட்டர் டின்னில் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை இருந்தால், மொத்தம் 32 கிராமுக்கும் மேல். சுமார் எட்டுத் தேக்கரண்டி. அந்த டின்னுக்கான வரி ஏறக்குறைய 29 சென். வாங்குபவருக்கு இது பெரிய தொகை இல்லை. ஆனால் தயாரிப்பாளர் சர்க்கரையை 5 கிராமுக்குக் கீழே குறைத்தால் வரியே கட்ட வேண்டியதில்லை. இந்த வரியின் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ கடையில் உட்கார்ந்து ஒரு தே தாரிக் கேட்டால், அந்தக் கிளாஸுக்கு இந்த வரி கிடையாது. தே தாரிக்கில் ஊற்றும் கெட்டிப்பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். டின் பானத்தைக் கைவிட்டு தே தாரிக்குக்கு மாறினால் வரி மிச்சமாகும், சர்க்கரை குறையாது.

ஏன் முதலில் கால்?

உடலிலேயே நீளமான நரம்பு இழைகள் கீழ் முதுகிலிருந்து கால் விரல் வரை போகின்றன. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அந்த நரம்புகளுக்கும் உணவும் பிராணவாயுவும் வேண்டும். அவற்றைக் கொண்டு வருபவை தலைமுடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள். ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடுதலாக இருந்தால் இந்தக் குழாய்கள் தடித்துச் சுருங்குகின்றன. நரம்பு இழைக்குள்ளும் வேண்டாத வேதிப் பொருள்கள் சேர்கின்றன. நீளமான நரம்புதான் முதலில் தளர்ந்து போகிறது.

அதனால்தான் பிரச்சினை விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்டதுபோல மேலே ஏறும். எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, ராத்திரியில் கூடும் வலி எல்லாம் வரலாம். பிறகு ஒருநாள் வலி நின்றுவிடும். "இப்ப பரவாயில்ல, வலியே இல்ல" என்று சந்தோஷப்படும் நேரம் அதுவாகவே இருக்கலாம். ஆனால் வலி குறைந்தது நோய் குறைந்ததால் அல்லாமல், செய்தி சொல்லும் நரம்பே ஓய்ந்து போனதாலும் இருக்கலாம்.

வலி ஒரு காவல்காரன். அவன் இல்லாத காலில் ஆணி குத்தினாலும் தெரியாது, செருப்பு கடித்தாலும் தெரியாது. அந்தச் சின்னப் புண்ணுக்கு ரத்த ஓட்டமும் குறைவு. விரலை, சில சமயம் காலையே எடுக்க வேண்டிய நிலை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

கண்: வலிக்காத நோய்

கண்ணின் பின்புறம் உள்ள விழித்திரையும் நரம்புத் திசுதான். கருவில் அது மூளையிலிருந்தே பிரிந்து உருவாகிறது. அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கினாலும் ஆரம்பத்தில் பார்வை தெளிவாகவே இருக்கும். மங்கல் தெரியும்போது சேதம் ஏற்கெனவே ஆகியிருக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸை அறிந்தவர்களுக்கு அங்குள்ள பார்வையற்றோரையும் தெரியும். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இயங்குகிறது. நடைபாதையில் பதித்த தொடுகல், மசாஜ் நிலையங்கள் எல்லாம் அந்தப் பகுதியின் அடையாளம். பார்வை இல்லாமலும் உழைத்து வாழ முடியும் என்பதற்கு அந்தத் தெருக்களே சாட்சி. ஆனால் உழைக்கும் வயதில் பார்வை போவதற்கு உலகெங்கும் உள்ள முக்கியக் காரணங்களில் நீரிழிவும் ஒன்று. அதில் பெரும்பகுதியைத் தடுக்க முடியும். ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைப் படம் எடுத்துப் பார்த்தால் கசிவைக் காலத்தோடு கண்டுபிடித்து, லேசர் அல்லது ஊசி மருந்தால் சிகிச்சை அளிக்கலாம்.

"கேஸ்டிரிக்தான்" என்று நினைப்பது

வயிற்றுக்கும் தனி நரம்புப் பின்னல் உண்டு. உணவுக் குழாயிலிருந்து மலக்குடல் வரையுள்ள சுவரில் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு அவற்றோடு பேசிக்கொண்டே இருக்கிறது. சாப்பிட்ட சோற்றை அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குத் தள்ளுவது இந்த நரம்புகளின் வேலை. சாதாரணமாக நான்கு மணி நேரத்தில் இரைப்பையின் பெரும்பகுதி காலியாகிவிடும்.

வேகஸ் நரம்பு பாதிக்கப்பட்டால் இரைப்பை சோம்பிவிடுகிறது. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிடும். உப்பசம், குமட்டல் வரும். பல மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டது அப்படியே வாந்தியில் வெளியேறலாம். பலர் இதை "காற்று", "கேஸ்டிரிக்" என்று நினைத்து மருந்துக்கடையில் ஏதாவது வாங்கிக் குடித்துச் சமாளிக்கிறார்கள்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சாப்பாட்டு நேரத்துக்கு இன்சுலின் போட்டாயிற்று, ஆனால் சாப்பாடு இரைப்பையிலேயே நிற்கிறது. சர்க்கரை முதலில் திடீரென்று இறங்கும், பிறகு ஏறும். "மருந்து ஒழுங்கா போடுறேன், ஆனா ரீடிங் ஏறி இறங்குது" என்பவர்கள் வயிற்றைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இதயத்துக்குச் செல்லும் நரம்புகள் பாதிக்கப்பட்டால், நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். திடீர் மூச்சுத் திணறல், காரணமில்லாத வியர்வை, களைப்பு ஆகியவையே அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது வீட்டில் காத்திருக்கக் கூடாது.

தைப்பூசமும் வெறுங்காலும்

கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலை வரை வெறுங்காலில் நடப்பவர்கள் ஏராளம். அதன்பின் 272 படிகள். வெயிலில் தார்ச் சாலை கொதிக்கும். நல்ல கால் உடனே சொல்லிவிடும். உணர்வு போன கால் சொல்லாது, கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

நேர்த்திக்கடனை விடச் சொல்லவில்லை. நடப்பதற்கு முன்பே காலைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உணர்வு குறைந்திருப்பது உறுதியானால், வெறுங்காலில் நடப்பது பற்றி மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள். நடந்து முடித்ததும் பாதத்தையும் விரல் இடுக்கையும் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அலுப்புத் தீர வெந்நீரில் காலை வைப்பதற்கு முன், சூட்டை முழங்கையால் பாருங்கள். கால் ஆணிக்கு மருந்துப் பிளாஸ்டர் ஒட்டுவதும் பிளேடால் சீவுவதும் வேண்டாம்.

கிளினிக்கில் நீங்கள் என்ன கேட்கலாம்?

- ரத்தச் சர்க்கரை: வெறும் வயிற்றில் 7.0 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவாக இருக்கலாம். மறுபரிசோதனை அவசியம்.
- கால்: மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும்.
- கண்: "எப்ப கடைசியா கண் படம் எடுத்தீங்க?" என்று அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.
- வைட்டமின் பி12: மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாகச் சாப்பிட்டால் இது குறையலாம். சைவம் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் அதிக வாய்ப்பு. பி12 குறைவும் கால் மரத்துப்போவதை ஏற்படுத்தும், ஆனால் அதைச் சரிசெய்யலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளி கட்டணம் ஒரு வெள்ளிதான். குறைந்த வருமானம் உள்ள, 40 வயதைக் கடந்தவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனையும் உண்டு.

அப்படியானால் வரி போதுமா?

வரி தேவையானதுதான். ஆனால் அது டின்னையும் போத்தலையும் தொடுகிறது. உணவுக்கடைக் கிளாஸைத் தொடுவதில்லை. தனக்கு நோய் இருப்பதே தெரியாத ஐவரில் இருவரையும் அதனால் கண்டுபிடிக்க முடியாது. அதற்குப் பரிசோதனைதான் வேண்டும்.

சேதமான நரம்பை முழுமையாகப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இன்றுவரை இல்லை. சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் சேதம் மேலும் பரவும் வேகத்தைக் குறைக்கலாம். எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ, அவ்வளவு நரம்பு மிஞ்சும். கடையில் "தே ஓ கொசோங்" என்று சொல்வது அதில் ஒரு பகுதி. இன்று ராத்திரி படுக்கும் முன் உங்கள் வீட்டுப் பெரியவரின் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது இன்னொரு பகுதி.