கிளென் கேம்பலின் கடைசி ஆல்பம்: நினைவு தப்பிய பிறகு குரல் யாருடையது?

வரிகளே மறந்துபோன ஒரு பாடகரை ஸ்டுடியோவுக்கு அழைத்துவந்து பாட வைப்பது சரியா? கிளென் கேம்பலின் கடைசி ஆல்பமான 'அடியோஸ்' எழுப்பும் கேள்வி இதுதான்.

யார் இவர்?

அமெரிக்கக் கண்ட்ரி பாடகர். அவருடைய 'ரைன்ஸ்டோன் கௌபாய்' 1975இல் அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பேரைக் கேட்டதே இல்லையா? வீட்டில் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்க, ஒருவேளை தெரிந்திருக்கும்.

2011இல் அவருக்கு அல்ஸைமர் நோய் இருப்பது தெரியவந்தது. அதை அவர் மறைக்கவில்லை. வெளிப்படையாக அறிவித்துவிட்டு, தம் பிள்ளைகளும் வாசிக்க, விடைபெறும் இசைப்பயணத்தைத் தொடங்கினார். அது 2012 கடைசியில் முடிந்தது.

எப்படிப் பாடினார்?

அதன் பிறகு நேஷ்வில்லில் ஒலிப்பதிவு. அப்போது பாடல் வரிகள் அவர் நினைவில் நிற்கவில்லை. தயாரிப்பாளர் கார்ல் ஜாக்சன், தாமே பாடி மாதிரிப் பதிவுகளைத் தயார்செய்து கொடுத்தார். கேம்பல் அதை வீட்டில் கேட்டுப் பழகினார். ஸ்டுடியோவில் ஒவ்வொரு வரியாகப் பாடினார்.

ஜாக்சன் வெளியாள் இல்லை. 18 வயதில் கேம்பலின் குழுவில் பேஞ்சோ வாசிக்கச் சேர்ந்தவர்.

ஆல்பம் 2017 ஜூன் 9ஆம் தேதி வெளியானது. ஆகஸ்ட் 8ஆம் தேதி, 81 வயதில் கேம்பல் காலமானார்.

என்ன சிக்கல்?

சம்மதம். மனமறிந்து "சரி" என்று சொல்லவும் நினைவு வேணும் இல்லையா? அந்த நினைவு தேயும்போது மற்றவர்கள்தான் முடிவெடுக்கிறார்கள். அது அன்பா, வியாபாரமா என்று வெளியிலிருந்து சொல்வது கஷ்டம். ஆனால் ஒன்று நிச்சயம்: 'அடியோஸ்' ஆல்பத்தில் நாம் கேட்பது அவரே மைக் முன் நின்று பாடியது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு, பாடுவதற்குப் பாடகரே தேவையில்லை.

- ரேண்டி டிராவிஸ்: 2013இல் பக்கவாதத்தால் பெரும்பாலும் பேச்சை இழந்தவர். 2024இல் அவர் குரலில் புதுப்பாட்டு வந்தது. பாடியவர் வேறொருவர், குரலை மாற்றியது மென்பொருள். டிராவிஸ் உயிரோடு இருக்கிறார், சம்மதமும் கொடுத்தார்.

- 'லால் சலாம்' (2024): மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ஏ.ஆர். ரஹ்மான் இப்படி மீட்டெடுத்தார். குடும்பங்களிடம் அனுமதி பெற்று, பணமும் கொடுத்ததாகச் சொன்னார்.

கேம்பல் தாமே பாடினார். டிராவிஸ் தாமே சம்மதித்தார். மூன்றாவதில் சம்மதம் குடும்பத்தின் கையில்.

நேஷ்வில் இருக்கும் டென்னசி மாநிலம், அனுமதியின்றி ஒருவரின் குரலைப் போலியாக உருவாக்குவதைத் தடுக்க 2024இல் சட்டமே கொண்டுவந்தது. ஆனால் அனுமதியை யார் கொடுக்கலாம் என்பதுதான் அடுத்த கேள்வி.

உங்க பிளேலிஸ்ட்டில் இனி ஒரு "கடைசிப் பாட்டு" வந்தால், இரண்டு விஷயம் தேடிப் பாருங்க: பாடியது யார்? சரி என்று சொன்னது யார்?