காவலனுக்கு என்ன கூலி?

கால்பந்தாட்டத்தில் அடித்த கோல் ஏட்டில் ஏறும். தடுத்த கோல் நினைவிலும் தங்காது. ஊதியமும் அவ்வழியே நடத்தல் முறையோ?

இங்கிலாந்தில் 1961 வரை ஆட்டக்காரரின் வார ஊதிய உச்சவரம்பு 20 பவுன். வரம்பு நீங்கியதும் வாரம் 100 பவுன் பெற்ற முதல் வீரர், ஃபுல்ஹாம் கழகத்தின் முன்கள வீரர் ஜானி ஹெய்ன்ஸ். தாக்கும் கலை அரிது. மிகுபொருள் தகும் என்பர். மறுப்பதற்கில்லை.

ஆயினும், 2018 ஐரோப்பிய இறுதியாட்டத்தில் கோல் காவலரின் பிழைகளால் இரு கோல்கள் இழந்து தோற்ற லிவர்பூல், அவ்வாண்டே பெரும்பொருள் ஈந்து அலிசன் என்னும் காவலரைக் கொணர்ந்தது. 2019இல் கோப்பையை வென்றது.

கைதட்டலின் ஓசை ஊதியத்தின் அளவுகோல் ஆகலாகாது. அவ்விடம் தளர்ந்தால் நேரும் இழப்பே உண்மை அளவுகோல். காவல் புரியும் எல்லாப் பணிகட்கும் இது பொருந்துமன்றோ!