‘ஊழியத்துக்கு ஏது ஓய்வு?’ - எங்கள் நிலைப்பாடு

திலக் நகர், செம்பூர், மாட்டுங்கா, தாராவி வட்டாரத் தமிழ்ச் சபைகளின் போதகர்களும் மூப்பர்களும் சேர்ந்த ஐக்கியம் எங்களுடையது. போதகர்களின் பணி ஓய்வு பற்றி எங்கள் நிலைப்பாடு இது: சபைப் பொறுப்பிலுள்ள போதகர் 65 வயதில் அதை அடுத்தவர் கையில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பின் அவரும் அவர் மனைவியும் தங்க ஒரு வீடும், மாதாமாதம் ஒரு தொகையும் கிடைக்கச் செய்வது சபையின் கடன். இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

“ஊழியத்துக்கு ஏது ஓய்வு?” என்று நம்மிடையே இரண்டு பேர் கேட்கிறார்கள். ஒருவர் மைக்கைக் கீழே வைக்க மனமில்லாத போதகர். இன்னொருவர் பணம் ஒதுக்க மனமில்லாத கமிட்டிக்காரர். கேள்வி பக்தியாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் எண்ணாகமம் 8-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். லேவியருக்கு 50 வயதோடு ஆசரிப்புக் கூடாரத்துப் பணிவிடை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு சகோதரருக்குத் துணையாக நிற்கலாம். பழைய வேலையைச் செய்யக் கூடாது. நாங்கள் 15 வருடம் கூடுதலாகவே கொடுத்திருக்கிறோம்.

பெரிய திருச்சபைகளில் இதற்கு விதிகள் உண்டு. 1983-இன் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், 75 வயது நிறைந்த பங்குத்தந்தை தம் பதவி விலகலை ஆயரிடம் தரும்படி கேட்டுக்கொள்கிறது. விதி இருந்தாலும் வழக்கு வராமல் இல்லை. தென்னிந்தியத் திருச்சபையின் சினாடு 2022-இல் பேராயர்களின் ஓய்வு வயதை 67-இலிருந்து 70 ஆக்க எடுத்த முடிவு சென்னை உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் போய் நின்றது நமக்குத் தெரிந்ததே. ஆனால் எங்கள் கவலை அங்கே இல்லை. சினாடும் இல்லாத, டயோசிஸும் இல்லாத சுயாதீன சபைகளைப் பற்றித்தான்.

இங்கே எப்படி நடக்கிறது என்று மும்பைத் தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேதாகமக் கல்லூரி முடித்த ஒரு தம்பி வருகிறார். பத்துக்குப் பதினைந்து அறையில் ஆராதனை தொடங்குகிறது. சபை வளர்கிறது, சொசைட்டி ஹால் வாடகைக்கு எடுக்கப்படுகிறது. ஞாயிறு காலை கீபோர்டைத் தோளில் தூக்கி வருபவரும் அவரே, நாற்காலி மடக்குபவரும் அவரே. வீடு சபை பெயரில், 11 மாத லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தத்தில். முப்பது வருடம் கழித்து முழங்கால் போகிறது. பிரிவு உபசாரக் கூட்டத்தில் சால்வை, ஒரு கவர், குரூப் போட்டோ, பிரியாணி. மாதம் முடிவதற்குள் வீட்டுச் சாவி கைமாற வேண்டும். பிறகு லோகமான்ய திலக் டெர்மினஸில் ரயில். ஊரில் யார் வீட்டில் போய் இறங்குவது என்பதை யாரும் கேட்பதில்லை.

போதகர் இறந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கியம், உபவாச ஜெபத்துக்கு வருகிறவர்களுக்குக் கஞ்சி என்று பாஸ்டரம்மா செய்த வேலைக்கு எந்தக் கணக்கிலும் ஒரு வரி கிடையாது. அவருக்குத்தான் முதலில் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். இதைச் சபை என்று எப்படிச் சொல்வது?

வேலையும் பழைய வேலையாக இல்லை. டாடா மெமோரியலுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வரும் நோயாளிக்கு இந்தி பேசித் துணை நிற்பது போதகர். தாராவி மறுசீரமைப்புக் கணக்கெடுப்புக்காக 2000 ஜனவரி 1-க்கு முந்தைய கரண்ட் பில்லையும் வாக்காளர் பட்டியலையும் தேடி விசுவாசிகளோடு அலைவதும் போதகர். திலக் நகரில் பழைய மாடா கட்டிடங்கள் இடிந்து டவர்கள் எழும்போது, டிரான்சிட் வாடகை வாங்கிக்கொண்டு நாலு திசைக்குப் போன குடும்பங்களை வாட்ஸ்அப்பில் கட்டி வைத்திருப்பதும் அவர்தான். பிள்ளைகளோ தமிழ்ப் பிரசங்கத்தைப் பாதிதான் புரிந்துகொள்கிறார்கள். இத்தனையையும் 72 வயதில் ஒரே ஆள் தாங்க வேண்டும் என்பது கொடுமை. தாங்குகிறேன் என்று அவரே சொல்வது பிடிவாதம்.

பொறுப்பை விடுவது ஊழியத்தை விடுவதாகாது. லெஸ்லி நியூபிகின் 1947-இல் மதுரை-ராமநாதபுரம் பேராயரானவர், 1965 முதல் சென்னைப் பேராயர். 1974-இல் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, மனைவி ஹெலனுடன் பேருந்து மாறி மாறித் தரைவழியாகவே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். எழுபதைத் தாண்டிய பின் பர்மிங்காமில், சிறைச்சாலை ஒன்றின் எதிரே இருந்த மிகச் சிறிய சபைக்குப் போதகரானார். “பார்த்தீர்களா, அவர் மட்டும் அந்த வயதில் செய்யவில்லையா?” என்பார்கள். செய்தார், ஆனால் சென்னையில் உட்கார்ந்துகொண்டு அல்ல. யாரும் வர விரும்பாத, மூடிவிடலாமா என்று யோசித்த சபை அது. அப்படி ஓர் அழைப்பு வந்தால் எங்கள் வயது வரம்பு குறுக்கே நிற்காது.

போதகர் வேலைக்குச் சேரும் மாதத்திலிருந்தே அவர் பெயரிலும் மனைவி பெயரிலும் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் கணக்குத் தொடங்கி, காணிக்கையிலிருந்து சபை பணம் கட்ட வேண்டும் என்று கேட்கிறோம். இருபது ஊழியர் இல்லாத இடத்துக்கு வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. எங்கள் சபைகளில் பெரும்பாலும் ஒருவர், மிஞ்சினால் இருவர். ஓய்வூதியத் திட்டத்துக்கோ 18 வயதான எந்தக் குடிமகனும் போகலாம், சம்பளச் சீட்டு கேட்பதில்லை. சிறிய சபைக்கு இது முடியுமா என்கிறார்கள். கன்வென்ஷனுக்குப் பந்தலும் சவுண்ட் சிஸ்டமும் முடிகிறதே.

போதகர்களிடமும் கேட்கிறோம். சபையின் டிரஸ்ட்டை உங்கள் வீட்டு ரேஷன் கார்டு போல நடத்தாதீர்கள். அப்பா, அம்மா, மகன், மருமகள் மட்டுமே டிரஸ்டிகள் என்றால் அது சபையின் சொத்தல்ல. மகன் போதகராகலாம், தகுதியை விசுவாசிகள் பார்த்து, அவர்கள் அழைத்தால் மட்டும். மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டப்படி டிரஸ்டி மாறினால் 90 நாளுக்குள் சேஞ்ச் ரிப்போர்ட் தாக்கல் செய்ய வேண்டும். வருடக்கணக்காக அதைக் கிடப்பில் போட்டுவிட்டு, போதகர் கண்மூடிய பின் வொர்லியிலுள்ள அறநிலைய ஆணையர் அலுவலகத்தில் இரண்டு கோஷ்டியாகப் போய் நிற்கும் நிலை இனி வரக் கூடாது. ஒப்படைத்த போதகர் குறைந்தது ஒரு வருடமாவது அந்தச் சபையில் பிரசங்கிக்காமல் இருப்பது நல்லது. கல்யாணமும் அடக்கமும் நடத்த அழைத்தால்கூட, புதியவரைக் கேட்டுவிட்டு வரட்டும்.

எங்கள் ஐக்கியத்தில் சேர விரும்பும் சபை இனிமேல் இரண்டு தாள்களைக் கொண்டுவர வேண்டும்: போதகரின் ஓய்வூதியக் கணக்கின் ரசீது ஒன்று, அவருக்குப் பின் பொறுப்பை யார், எப்படித் தீர்மானிப்பார்கள் என்ற கமிட்டித் தீர்மானம் ஒன்று. ஏற்கெனவே உறுப்பினராக உள்ள சபைகளுக்கு அடுத்த பொதுக்குழு வரை அவகாசம்.