பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டி

தோழர்களே, குமராட்சிப் பக்கம் கொள்ளிடக் கரைச் சேரிகளில் விசாரித்துப் பாருங்கள். யாரோ ஒரு தாத்தாவின் பரணில் டிரங்குப் பெட்டி இருக்கும். உள்ளே பழைய மாநாட்டு நோட்டீஸ், கலெக்டருக்குப் போட்ட மனுவின் நகல், கரையான் அரித்த துண்டறிக்கை. 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம் என்று எது வந்தாலும் நம் கூரைதான் முதலில் போகிறது, கூடவே பெட்டியும் நனைகிறது. மழை மட்டும்தானா? 2012-ல் தருமபுரி நத்தம் காலனியில் வைத்த தீயில் வீடுகளோடு சான்றிதழ்களும் சாம்பலாயின.

காகிதம் போனால் என்ன போகும்? அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கி, 1914-ல் இறக்கும்வரை நடத்தினார். பிறகு பல பத்தாண்டுகள் தமிழக வரலாற்றை எழுதியவர்கள் அவர் பெயரையே சொல்லவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அந்த இதழ்களைக் கட்டிக் காத்ததால்தான், ஞான. அலாய்சியஸ் 1999-ல் அவற்றைத் தொகுக்க முடிந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் தொடங்கிய ‘பறையன்’ இதழுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதன் பிரதிகளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கோட்டையூர் ரோஜா முத்தையா ஒற்றை ஆளாகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் அவர் இறந்தபின் சிதறியிருக்க வேண்டியவை. சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994-ல் சென்னையிலேயே நூலகமாக்கி, மைக்ரோஃபிலிமில் படமெடுக்க வைத்தது. பாலியெஸ்டர் ஃபிலிமைக் குளிர்ச்சியான, ஈரமில்லாத அறையில் வைத்தால் நூற்றாண்டுகள் தாங்கும். படிக்க ஒரு லென்ஸும் வெளிச்சமும் போதும். நம் போனில் எடுத்த படமோ அடுத்த போன் மாற்றும்போது காணாமல் போகிறது. (என்னுடையது அப்படித்தான் போனது.)

ஆனால் மைக்ரோஃபிலிம் கேமராவும் குளிர் அறையும் கிராமத்துப் படிப்பகத்தால் ஆகிற காரியமில்லை. பெரிய நூலகத்தோடு சேர்ந்துதான் செய்ய முடியும். அங்கேதான் எனக்குக் கவலை. “காப்பாற்றித் தருகிறோம்” என்று வாங்கிப் போகிறவர்களிடம் மூலத்தை விட்டுவிட்டால், நம் பிள்ளைகள் நாளை அனுமதிக் கடிதத்தோடு வாசலில் நிற்க வேண்டிவரும். ஆகவே மூலம் குடும்பத்திடமே இருக்கட்டும். மாஸ்டர் நெகட்டிவ் ஓர் ஊரிலும் பயன்பாட்டுப் பிரதி வேறு ஊரிலும் இருக்கட்டும். ஊர்ப் படிப்பகத்துக்கு ஒரு நகல் தருவதை முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

சுவாமி சகஜானந்தர் 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். காட்டுமன்னார்கோயில் இளையபெருமாள் தலைமையிலான குழு 1969-ல் தீண்டாமை பற்றி நாடு முழுமைக்கும் அறிக்கை தந்தது. அரசு அச்சிட்ட அறிக்கை எங்காவது கிடைத்துவிடும். அவர்கள் பேசிய கூட்டங்களுக்கு நம் ஊரில் அடித்த நோட்டீஸ் கிடைக்காது. இந்தப் பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள், அந்த வடகிழக்கு மழையில் எந்தப் பெட்டி நனைந்தது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.