பந்தல் நம்முடையது, கல்யாணம் அடுத்தவருடையது

2025 ஜனவரியில் 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான டி20 உலகக் கோப்பை மலேசியாவில் நடந்தது. நடத்தும் நாடு என்பதால் தகுதிச் சுற்று ஆடாமலே நம் அணிக்கு இடம் கிடைத்தது. பாயுமாஸ் திடலில் இலங்கைக்கு எதிராக நம் பிள்ளைகள் 23 ஓட்டங்களில் சுருண்டார்கள். அடுத்து இந்தியாவிடம் 31. அந்த இலக்கை இந்தியா மூன்று ஓவர் முழுசாக ஆடாமலே எட்டிவிட்டது.

அன்று என் புலனக் குழுக்களில் ஓடிய சிரிப்பை நான் இன்னும் அழிக்கவில்லை. "எங்க பாட்டி எறங்குனாகூட அம்பது அடிப்பாங்க." "இதுக்கெல்லாம் எதுக்குலா உலகக் கோப்பை?" எழுதியவர்கள் அத்தனை பேரும் நம்மாட்கள். கூடவே இன்னொரு கூட்டம் ஆறுதல் சொன்னது: "பரவால்ல, பிள்ளைங்களுக்கு அனுபவம் கெடைச்சிச்சு." இந்த இரண்டு கூட்டத்தோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

முதலில் சிரித்தவர்கள். 2023 ஜூலையில் இதே பாயுமாஸில் நம் ஆண்கள் அணி சீனாவை எத்தனைக்குச் சுருட்டியது தெரியுமா? அதே 23. சியாஸ்ருல் இட்ருஸ் 8 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். ஆண்கள் சர்வதேச டி20இல் அதற்குமுன் யாரும் 7 விக்கெட் எடுத்ததில்லை. அன்று உலகச் சாதனை அது. என் குழுக்களில் ஒருத்தர்கூட அதைப் பகிரவில்லை. மலாய்க்காரப் பையன் செய்த உலகச் சாதனை நம் கண்ணில் படாது. பெரும்பாலும் மலாய்ப் பெண்கள் ஆடும் அணி தோற்றால் மட்டும் உடனே பட்டுவிடும். இதற்குப் பெயர் கிரிக்கெட் ரசனையா?

2020 டிசம்பரில் அடிலெய்டில் கோலியின் இந்திய அணி 36க்கு விழுந்தது. "இவனுங்களுக்கு எதுக்கு டெஸ்ட்டு?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்காதது சரிதான். கோலி ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தத் தொடரை இந்தியா 2-1 என்று வென்றது. ஒருவர் போனால் இன்னொருவர் இறங்க அங்கே பின்னால் ஒரு பெரிய வரிசை நின்றது. நம் பிள்ளைகளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்? கேட்க வேண்டிய கேள்வி அது.

"சொந்த மண், சொந்தக் கூட்டம், இருவது ஓவர்ல எதுவும் நடக்கும்" என்று போட்டிக்கு முன்னால் சிலர் நம்பிக்கையோடு பேசினார்கள். 2007 முதல் 2024 வரை ஆண்கள் டி20 உலகக் கோப்பை 9 முறை நடந்திருக்கிறது. நடத்திய நாடு ஒருமுறைகூட வெல்லவில்லை. 2012இல் இலங்கை கொழும்பில் இறுதியாட்டத்தில் தோற்றது. 2016இல் இந்தியா மும்பையில் அரையிறுதியோடு நின்றது. பெண்கள் போட்டியில் 2009இல் இங்கிலாந்தும் 2020இல் ஆஸ்திரேலியாவும் சொந்த ஊரில் வென்றன. எங்கே ஆடினாலும் வெல்லக்கூடிய அணிகள் அவை. மண் யாருக்கும் ஓட்டம் எடுத்துக் கொடுக்காது.

சரி, நாம் கிரிக்கெட்டில் குட்டி நாடு, அதனால்தான் என்பீர்கள். அதே உலகக் கோப்பையில், கூச்சிங்கில், மழையால் சுருங்கிய ஆட்டத்தில் நைஜீரியா நியூசிலாந்தை 2 ஓட்டங்களில் வீழ்த்தியது. ஆப்பிரிக்கத் தகுதிச் சுற்றில் ஆடி, ஜெயித்து வந்த பெண்கள் அவர்கள். நமக்கு வாசல் திறந்தே கிடந்தது. அவர்கள் அதைத் தட்டித் திறந்துகொண்டு வந்தார்கள்.

இப்போது ஆறுதல்காரர்கள். அனுபவம் கிடைத்தது என்கிறீர்கள். யாருக்கு? 1997இல் வங்காளதேசம் ஐசிசி கோப்பையை வென்றது கோலாலம்பூரில்தான். மூன்றே ஆண்டில் அது டெஸ்ட் நாடானது. 2008இல் கோலி தலைமையில் இந்திய இளையோர் அணி உலகக் கோப்பையைத் தூக்கியது பூச்சோங் கின்ராரா ஓவலில். 2018 பெண்கள் ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியாவைக் கடைசிப் பந்தில் வீழ்த்தி வங்காளதேசப் பெண்கள் அழுது கொண்டாடியதும் அதே கின்ராராவில். அந்தப் போட்டியில் நம் பெண்கள் இந்தியாவிடம் எடுத்தது 27. ஏழு ஆண்டு கழித்து அவர்களின் தங்கச்சிகள் எடுத்தது 31. இதுதான் நீங்கள் சொல்லும் அனுபவம்.

அந்தக் கின்ராராவையாவது காப்பாற்றினோமா? நிலம் வேறொருவருடையது, கிரிக்கெட் அங்கிருந்து காலி செய்துகொண்டு போக வேண்டிவந்தது. பந்தல் போடுவதில் நாம் கெட்டிக்காரர்கள். மாப்பிள்ளை, பெண் இரண்டும் வெளியூர். கல்யாணம் முடிந்ததும் பந்தக்கால் நட்ட இடத்தையும் விட்டுக்கொடுத்துவிடுவோம்.

சங்கத்தையும் அரசாங்கத்தையும் திட்டிவிட்டு இங்கேயே முடித்தால் எல்லோரும் கைதட்டுவீர்கள். அதனால்தான் முடிக்கவில்லை.

2024இல் நடத்தும் நாடுகளில் ஒன்றாக அமெரிக்கா களமிறங்கி, டல்லாஸில் பாகிஸ்தானைச் சூப்பர் ஓவரில் வீழ்த்தி, சூப்பர் 8வரை போனது. அந்தச் சூப்பர் ஓவரை வீசிய சௌரப் நேத்ரவால்கர் மும்பையிலிருந்து போன கணினிப் பொறியாளர். குடியேறியவர்கள் தங்கள் ஆட்டத்தைப் போன நாட்டுக்குக் கொடுத்தார்கள். நாம் இங்கே வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஏப்ரல் வந்தால் மாமாக் கடையில் நாற்காலி கிடைக்காது. மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு சென்னைக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறோம். "கிரிக்கெட்டு நம்ம ரத்தத்துல ஊறுனது" என்கிறோம். ஊறியது கால்வரைக்கும் இறங்கவில்லையே, ஏன்?

ஆண்கள் அணிக்குச் சுரேஷ் நவரத்தினம் தலைவராக இருந்திருக்கிறார். பெண்கள் அணிக்கு வினிஃபிரட் துரைசிங்கம் தலைமை தாங்கியிருக்கிறார். மறுக்கவில்லை. ஆனால் நம் தெருவில் எத்தனை பேருக்கு வினிஃபிரட்டின் பெயர் தெரியும்? தோனியின் சட்டை எண் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். இந்த நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உண்டு. நான் படித்த பள்ளியில் ஆறு ஆண்டில் ஒரு பெண் பிள்ளை கையில்கூட மட்டையைப் பார்த்ததில்லை. எங்களுக்கு வலைப்பந்து, பூப்பந்து. பையன்கள் டென்னிஸ் பந்தில் ஆடுவார்கள். பந்து சாக்கடையில் விழுந்தால் எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. வெயிலில் நின்றால் கறுத்துப்போவோம் என்று வீட்டில் வேறு பயம்.

வீட்டில் யாரும் கிரிக்கெட் பார்க்காத பிள்ளைகள்கூட அந்த அணியில் இருந்திருப்பார்கள். தோற்கப்போவது தெரிந்தே உலகக் கேமராக்களுக்கு முன்னால் மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நாளெல்லாம் கிரிக்கெட் பேசும் நாம் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தோம்.

இன்னொரு உலகக் கோப்பை இங்கே வரலாம், வராமலும் போகலாம். வந்தால் "நமக்கு வாய்ப்பு இருக்கா?" என்று மறுபடி கேட்பீர்கள். அன்றைக்குக் கேட்டுப் பயனில்லை. அதற்கான பதில் இப்போது பத்து வயதில் இருக்கிறது. உங்கள் தங்கச்சியாக இருக்கலாம், அக்கா மகளாக இருக்கலாம். இந்தச் சனிக்கிழமை தாமான் திடலுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய், பந்து பொறுக்கச் சொல்லாமல், கையில் மட்டையைக் கொடுங்கள். முடியாது என்றால் பரவாயில்லை. அடுத்த முறை 23 என்று திரையில் வரும்போது கைத்தொலைபேசியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.