யார் பெயரில் எழுதப்படுகிறது?

படித்தவன் ஏமாந்தால் அதை வெளியே சொல்ல வெட்கப்படுவான். நானும் இரண்டு பருவங்களாக வெட்கப்பட்டுக் கொண்டுதான் இருந்தேன். ஆனால், விடுதிக்குப் புதிதாக வந்த தம்பிமார்கள் சிலர் அதே கோப்பைக் கைமாற்றிக் கொண்டிருப்பதைப் பார்த்த பிறகு, இனியும் வாய் மூடியிருப்பது தவறு என்று பட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மின்னாணயம் பற்றி அறியாத மாணவர் இன்று இல்லை. 2009ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் பிட்காயினின் முதல் கணக்குத் தொகுதி உருவானபோது, அதற்கான வெகுமதி 50 நாணயங்கள். சாதாரண வீட்டுக் கணினியே அதற்குப் போதுமானதாக இருந்தது. 2024 ஏப்ரலுக்குப் பின் அந்த வெகுமதி 3.125 ஆகக் குறைந்துவிட்டது. அதற்கென்றே செய்த இயந்திரங்கள் இல்லாமல் இன்று அந்தப் பக்கமே போக முடியாது. வரைகலை அட்டைகளைக் கொண்டு ஈதரியம் அகழ்ந்தவர்களுக்கும் 2022 செப்டம்பரில் கதவு சாத்தப்பட்டது. மடிக்கணினி மட்டுமே வைத்திருக்கும் எங்களைப் போன்றோருக்கு எஞ்சியிருந்தது மொனேரோ. சாதாரணக் கணினியின் மையச் செயலிக்கு ஏற்ற கணக்குமுறையை அது 2019ஆம் ஆண்டின் இறுதியில் ஏற்றுக்கொண்டது.

மூத்த மாணவரான அண்ணன் ஒருவர் எனக்கும் என் அறைத் தோழனுக்கும் அந்தக் கோப்பைக் கொடுத்தார். எக்ஸ்எம்ரிக் என்னும் மென்பொருளும், அதை இயக்கும் ஒரே ஒரு வரிக் கட்டளையும் அதில் இருந்தன. "தம்பி, ஒன்னும் மாத்த வேணாம். ரெண்டு தடவ தட்டு, ராத்திரி முழுக்க ஓடவிடு, அவ்வளவுதான்" என்றார். நச்சுநிரல் தடுப்பான் எச்சரித்தது. "அத நிறுத்திடு" என்றார். நிறுத்தினோம். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஓடத் தொடங்கியதும், ஏதோ பெரிய கணினி மேதைகளாகிவிட்டது போன்ற பெருமிதம் எங்களுக்கு!

பதினொரு நாள் ஓடியது. அறை அடுப்பங்கரை போல் கொதித்தது. மடிக்கணினியின் விசிறி இரைச்சலில் தூக்கம் போயிற்று. எங்கள் கைப்பேசியிலிருந்த பணப்பையில் மட்டும் ஒரு துளியும் சேரவில்லை. குறைந்தபட்சத் தொகை சேர்ந்தால்தான் அனுப்புவார்கள் என்று நாங்களே ஒரு காரணத்தைக் கற்பித்துக் கொண்டு காத்திருந்தோம்.

உண்மை வெளிப்பட்டதற்குக் காரணம் தமிழ்தான். எங்கள் மொழிக் கழகத்தின் வாராந்திரச் சந்திப்பில் கணினி பற்றித் தமிழில் பதினைந்து நிமிடம் பேசும் பொறுப்பு என்னிடம் வந்தது. தெரிந்ததைப் பேசுவோம் என்று அந்த ஒற்றை வரியை எடுத்து, ஒவ்வொரு துண்டாகத் தமிழில் விளக்கி எழுத உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்த வரியை முதன்முதலாகப் படித்தேன்.

சிறுகோடு போட்டு 'ஓ' என்றால், பலர் சேர்ந்து அகழும் கூட்டுக் குழுவின் முகவரி. 'பி' என்றால் கடவுச்சொல். பெரும்பாலும் வெறும் 'எக்ஸ்' என்று போட்டாலே ஏற்றுக்கொள்வார்கள். 'டி' என்றால் எத்தனை இழைகளில் வேலை நடக்க வேண்டும் என்னும் எண். அதில் எட்டு என்று இருந்தது. எண் கூடினால் வருமானம் கூடும் என்றுதான் நினைத்திருந்தோம். ஆனால், இந்தக் கணக்குமுறையில் ஓர் இழைக்கு 2 மெகாபைட் உள்நினைவகம் வேண்டும். என் கணினியில் இருப்பதோ 8 மெகாபைட். ஆகவே, நான்கு இழைதான் சரி. எட்டு போட்டதால் இழைகள் ஒன்றையொன்று இடித்துக் கொண்டு, சூடுதான் மிஞ்சியது. நன்கொடை விகிதம் என்று இன்னொன்றும் உண்டு. நாம் எதுவும் சொல்லாவிட்டால், நூறு நிமிடத்தில் ஒரு நிமிட உழைப்பு மென்பொருளை உருவாக்கியவர்களுக்குப் போகும். அதை அவர்கள் மறைக்கவில்லை. படிக்காதவர் நாங்கள்தான்.

கடைசியாக 'யூ'. அதற்குப் பின் வருவது, நாணயம் போய்ச் சேர வேண்டிய பணப்பையின் முகவரி. 95 எழுத்துகள். என் முகவரியோடு ஒப்பிட்டேன். முதல் எழுத்தான 4 பொருந்தியது. அது எல்லா முதன்மை மொனேரோ முகவரிக்கும் பொதுவானது. அதற்கு மேல் எதுவும் பொருந்தவில்லை! பதினொரு நாளும் முகம் தெரியாத யாருக்கோ உழைத்திருக்கிறோம். அண்ணனைப் போய்க் கேட்டேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவருக்கும் அது வேறொருவர் கொடுத்த கோப்புதான். அவரும் படிக்கவில்லை.

என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். பால் நிறுக்கும் இடத்தில், கிராணி எடையைக் குறிக்கும்போது எட்டிப் பார்ப்பாராம். தம் பெயரின் எழுத்து எந்த வடிவத்தில் இருக்கும் என்பது மட்டும் அவருக்கு அடையாளம் தெரியும். "வெட்டுறது நானு, வேற பேருல எழுதிட்டா என்னா பண்றது?" என்பார். எழுத்தறியாத பாட்டி பார்த்தார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பேரன் பார்க்கவில்லை. இதைவிட வெட்கம் வேறென்ன வேண்டும்?

கதை இத்துடன் முடிந்தால், நாங்கள் பாவம் என்று நீங்கள் இரக்கப்படலாம். ஆனால், அடுத்து நான் போட்ட கணக்கு எங்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. மடிக்கணினி கூடுதலாக 60 வாட் இழுத்தால், இரவு பகலாக ஓடும் ஒரு மாதத்திற்கு 43 கிலோவாட்-மணி. ஒன்றுக்கு 40 சென் என்று வைத்தால் 17 ரிங்கிட்டுக்கு மேல். வருமானம்? மொனேரோவில் நாளொன்றுக்குப் புதிதாக வருவது ஏறத்தாழ 432 நாணயங்கள். உலகிலுள்ள எல்லாரும் சேர்ந்து விநாடிக்கு 500 கோடி முயற்சிகள் என்றும், என் கணினி 2,000 என்றும் வைத்துக் கொண்டால், என் பங்கு இருபத்தைந்து இலட்சத்தில் ஒன்று. ஒரு நாணயம் 1,000 ரிங்கிட் விலை போனாலும், மாத வருமானம் ஐந்தே ரிங்கிட். விலை மூன்று மடங்கானாலும் மின்கட்டணத்தை எட்டாது.

பிறகு ஏன் இதை இலாபம் என்கிறோம்? கட்டணம் கட்டுவது நாமல்ல, விடுதி என்பதால்தான். 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்ற பழமொழி எங்களுக்காகவே சொன்னது போல் இருக்கிறது. நம் உழைப்பை எவனோ திருடிவிட்டான் என்று கொதித்தோம். நாங்கள் எரித்த மின்சாரம் யாருடையது என்று கேட்கவில்லை. 2021ஆம் ஆண்டு மிரியில், திருட்டு மின்சாரத்தில் ஓடிய 1,069 அகழ் இயந்திரங்களைப் பறிமுதல் செய்து, சாலை உருளையை ஏற்றி நசுக்கினார்கள். அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அளவில்தான் வேறுபாடு, குணத்தில் இல்லை.

"ஒரு வரிக்கு இவ்வளவு பாடா? இயந்திரம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தா எல்லாரும் கார் ஓட்டுகிறார்கள்?" என்று என் தோழன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால், கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்க்காமல் யாரும் காசு கொடுப்பதில்லையே! எல்லாவற்றையும் தெரிந்து கொள்ளச் சொல்லவில்லை. யார் உழைக்கிறார், யார் செலவு செய்கிறார், யார் பெயரில் வரவு எழுதப்படுகிறது என்ற மூன்றை மட்டுமாவது தெரிந்து கொள்ளச் சொல்கிறேன். அந்த ஒற்றை வரியில் இம்மூன்றில் இரண்டுக்கு விடை இருந்தது. மூன்றாவதற்கு விடை சுவரிலிருந்த மின்செருகியில் இருந்தது.

தமிழ் மேடைக்கும் பொங்கலுக்கும் மட்டுமே உரியது என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. எனக்கோ அது ஒரு மோசடியைப் பிடித்துக் கொடுத்தது. புரியாத ஒன்றை ஆங்கிலத்தில் அப்படியே ஒட்டிவிடலாம். தமிழில் சொல்ல வேண்டுமென்றால் புரிந்தே ஆக வேண்டும். எனவே, தம்பி தங்கைகளே, அடுத்த முறை யாராவது ஒரு கட்டளை வரியைக் கொடுத்து "அப்படியே தட்டு" என்றால், அதை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாத வரியைத் தட்டாதீர்கள். அந்த அண்ணனும் இப்போது புதியவர்களுக்கு அதைத்தான் சொல்லி வருகிறார்.