டைம்பாஸா? ஊசியைப் பிடிச்சுப் பாருங்க!

பொட்டி தட்டுற கையால இப்ப குரோஷா லேஸ் பின்னக் கத்துக்கறேன் மக்களே. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு வலைப் பின்னல்தான் சுலபம். ஒரு டபுள் குரோஷா, ஒரு செயின், கீழ்வரிசையில ஒரு கண்ணியை விட்டுட்டு மறுபடி அதே. நம்ம ஃபார் லூப் மாதிரிதான்! (அமெரிக்கப் புத்தகத்துல டபுள்னா, பிரிட்டிஷ் புத்தகத்துல அதுக்குப் பேர் டிரெபிள். கவனம்!) ஒரு கர்ச்சீப் ஓரம் முடியறதுக்குள்ள கழுத்து கெஞ்சும்.

ஆந்திராவின் நரசாப்பூர்ல பெண்கள் கூலிக்குப் பின்னுறது இந்த லேஸைத்தான். 'இல்லத்தரசிகளின் ஓய்வுநேர வேலை' என்று சொல்லியே அவர்கள் உழைப்பை மலிவாக்கியதை மரியா மீஸ் 1982-லேயே புத்தகமாக எழுதினார்.

என்னைக் கேட்டா, லேஸுக்குப் பேரம் பேசறதுக்கு முன்னாடி பத்து வரிசை நீங்களே பின்னிப் பாருங்க. அப்புறம் "டைம்பாஸ்தானே"ன்னு சொல்ல வாய் வராது.